சாக்கின் மேல் எழுதியது யாருக்காக?



வெங்காரம் என்றொரு பொருள் உண்டு. பொற்கொல்லர் பட்டறையில் சிறு கிண்ணியிலே நீர் விட்டுக் குழைத்து வைத்திருப்பர். நெருப்பிலே இட்டால் பொரிந்து எழும். பொரிகாரம் என்ற மற்றொரு பெயரே அதைச் சொல்லும். பிள்ளைகள் ஆடும் கேரம் பலகையிலே காய் வழுக்கி ஓடத் தூவும் வெண்பொடி, அதன் உடன்பிறப்பாகிய போரிக் அமிலம். கண்ணாடித் தொழிலுக்கும், பீங்கான் மெருகுக்கும், மரத்தைச் செல்லரிக்காமல் காப்பதற்கும், கரப்பானைக் கொல்வதற்கும் இவையே வேண்டும்.

இவ்வளவு பழகிய பொருளுக்கு ஓர் அரசியல் கட்டுரையா என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். ஒரு தொழிலாளி சாக்கைத் தோளில் சுமந்து வந்து, வாயைப் பிரித்து, தொட்டியிலே கொட்டுகிறான். வெண்புகைபோல் தூசு எழுகிறது. அவன் மூச்சோடு உள்ளே போவது இன்னதென்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? சொல்லாமல் இருப்பதால் இலாபம் யாருக்கு? இக்கேள்விகள் அரசியலல்ல என்றால் வேறெதுதான் அரசியல்?

முதலாளிமார் சொல்வதை முதலில் கேட்போம். "இது உப்புப் போன்றது, இமயத்தின் ஆட்டு மந்தைகள் திபெத்திலிருந்து முதுகிலே சுமந்து வந்த சரக்கு, பாட்டன் காலத்திலிருந்து கையாண்ட பொருள்" என்பர். வளர்ந்த மனிதனை உடனே வீழ்த்தும் நஞ்சல்ல என்ற அளவில் அவர்கள் கூற்று பொய்யன்று. செடிக்கு போரான் இன்றியமையாதது. நாம் உண்ணும் காயிலும் கனியிலும் அது சிறிதளவு உண்டு. நாமும் வீண் பீதி கிளப்ப வேண்டியதில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாக விற்பது வணிகருக்குக் கைவந்த கலை.

மறு பாதியைப் பாருங்கள். 1902-ம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலார் ஹார்வி வைலி, தாமாக முன்வந்த இளைஞர் பன்னிருவருக்கு உணவோடு வெங்காரம் கலந்து கொடுத்துச் சோதித்தார். இறைச்சி கெடாதிருக்க அந்நாளில் வணிகர்கள் தாராளமாகச் சேர்த்த பொருள் அது. இளைஞர்களுக்குப் பசி குன்றிற்று, தலைவலி கண்டது, வயிறு கெட்டது. அச்சோதனைகள் எழுப்பிய கிளர்ச்சியும் சேர்ந்தே 1906-ல் அங்கே தூய உணவுச் சட்டம் பிறந்தது.

மருத்துவமனைகளில் நடந்ததோ நெஞ்சைப் பிளப்பது. புண்ணாற்றும் மருந்தென்று நம்பிய போரிக் அமிலம், குழந்தைகளின் வெந்து சிவந்த தோலிலே தூவப்பட்டது. நல்ல தோல் வழியே இது மிகச் சிறிதே உட்புகும்; புண்பட்ட தோல் வழியே தடையின்றிப் புகும். இந்த வேறுபாடு அறியாமல் எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின! 1953-ல் உலக மருத்துவ ஏடுகளைத் தேடித் தொகுத்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நஞ்சேற்ற நிகழ்ச்சிகளைக் கண்டனர். 1964-ல் கனடாவின் மருத்துவ ஏடு மற்றொரு செய்தியைத் தந்தது: பால் கலக்கும்போது தவறுதலாகப் போரிக் அமிலம் கலந்து 11 பச்சிளங் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது, ஐந்து குழந்தைகள் மாண்டன. நிறமும் மணமும் இல்லாத பொருள். பார்வைக்கு உப்பு, மாவு. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டாத பாத்திரத்தில் இதை வைப்பவன் அறிந்தோ அறியாமலோ கொலைக்கு வழி திறந்து வைக்கிறான்.

தொழிற்சாலைக்கு வருவோம். எலியிலும் நாயிலும் நடத்திய ஆய்வுகளில், மிகுந்த அளவு போரேட் உடலிற் சேர்ந்தபோது ஆணின் விந்து உற்பத்தி குன்றியது. கருவிலிருந்த குட்டிகள் ஊனமுற்றன. இதனை வைத்து ஐரோப்பிய ஒன்றியம், இனப்பெருக்கத்திற்குக் கேடு செய்யும் பொருள்களின் வரிசையிலே போரேட்டுகளைச் சேர்த்தது. 2010-ல் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலிலும் ஏற்றியது. துருக்கியின் பண்டிர்மா ஆலைகளில் தொழிலாளரைச் சோதித்தபோது அத்தகைய கேடு தென்படவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். அங்கு மூச்சில் போன அளவு எலிக்கு ஊட்டிய அளவைவிட மிகக் குறைவு. ஆகவே கேடு அளவைப் பொறுத்தது. அளவோ தூசைப் பொறுத்தது. தூசோ முதலாளி காற்றிழுக்கும் இயந்திரம் வைத்தானா இல்லையா என்பதைப் பொறுத்தது! காற்றில் கன மீட்டருக்கு எட்டு மணி நேரச் சராசரி 2 மில்லிகிராம், கால் மணி நேரத்துக்கு 6 மில்லிகிராம். இதற்கு மேல் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் குழு வகுத்த எல்லை. நம் பட்டறைகளில் இதை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

ஐரோப்பாவுக்குப் போகும் சாக்கின் மேல் எச்சரிக்கைப் படம் இருக்கும். கருவுக்கும் கருவளத்திற்கும் தீங்கு நேரலாம் என்ற வாசகம் இருக்கும். அதே பொருள் இங்கு வந்து, சாக்கு பிரிக்கப்பட்டு, கிலோக் கணக்கில் பொட்டலமாகிக் கடையில் தொங்கும்போது அவ்வாசகம் எங்கே போயிற்று? வேதியியல் எல்லை தாண்டினால் மாறுவதில்லை. மாறியது தொழிலாளியின் உயிருக்கு வைத்த விலை.

சட்டம் இல்லையா? உண்டு. 1984-ல் போபாலில் பிணங்கள் குவிந்த பின்னர், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயத் தொழில்களில் பொருளின் கேட்டைத் தொழிலாளிக்கு அறிவிப்பது கடமையாயிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அக்கடமையை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கூடவே, மின்விசையுடன் பத்துப் பேர் உழைத்தால் தொழிற்சாலை என்றிருந்ததை இருபதாகவும், மின்விசையின்றி இருபதென்றிருந்ததை நாற்பதாகவும் உயர்த்திவிட்டது. ஐந்தும் ஆறும் பேராக அமர்ந்து ஊதுகுழலோடு போராடும் கோவைப் பொற்பட்டறைகள் முன்பும் அந்தக் கணக்கில் இல்லை, இப்போதும் இல்லை. (அங்கே வெங்காரத்தைவிடக் கொடியது பற்றாசிலே கலந்த காட்மியத்தின் புகை, அதைத் தனியே எழுத வேண்டும்.) வேதிப்பொருள் பற்றி அறியும் உரிமையைச் சொல்லும் 170-வது உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-லேயே நிறைவேற்றியது. பெருவிபத்துத் தடுப்பு பற்றிய 174-வதை 2008-ல் ஏற்ற இந்திய அரசு, மூத்ததை அப்போது திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பொடியைத் தோண்டுவோரும் போராடித்தான் நின்றார்கள். கலிபோர்னியாவின் போரான் என்னும் சிற்றூர்ச் சுரங்கத்தில், 2010 ஜனவரி 31 அன்று ரியோ டிண்டோ நிறுவனம் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. பணிமூப்பு உரிமையைக் கைவிடும் ஒப்பந்தத்துக்கு அவர்கள் தலையாட்டவில்லை என்பதே குற்றம். மாற்றாட்களைப் பேருந்தில் ஏற்றி வந்தும் சங்கம் உடையவில்லை. மே மாதம் உடன்பாட்டோடுதான் உள்ளே சென்றார்கள்.

நம் கிளைகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாக்கைக் கொட்டும் இடத்தில் தூசை உறிஞ்சும் குழாய் கேளுங்கள். சிந்தியதை விளக்குமாற்றால் உலரப் பெருக்கவும், காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளவும் விடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மூக்கிலே கட்டும் துண்டு முகமூடியாகாது. வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்குக் குழாய் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவரையும், கருவுற்ற சகோதரியரையும் அவ்வேலையில் நிறுத்தக் கூடாது. அதைச் சாக்கிட்டுக் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. சோற்றுப் பாத்திரம் அந்த அறைக்குள் வரலாகாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்று. சரக்கு அனுப்பியவரிடம் அதன் பாதுகாப்புக் குறிப்பேடு உண்டு. அதை எழுத்து மூலம் கேளுங்கள். கையொப்பமிட்ட நகலைச் சங்கத்தில் வையுங்கள். தமிழிலும், வடக்கிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்காக இந்தியிலும் வங்காளியிலும் எழுதச் செய்து, தொட்டிக்கு எதிரே உள்ள சுவரில் ஒட்டுங்கள். தர மறுத்தால், மறுத்த நாளையும் மறுத்தவர் பெயரையும் எழுதி ஆய்வாளருக்கு மனு அனுப்புங்கள். மனுவின் நகல் ஒன்று நமது அலுவலகத்துக்கும் வரட்டும்.