இரகசியம் எவருடையது?



ஐயப்பன்தாங்கல் பணிமனையிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பேருந்துகளை நீங்கள் அறிவீர்கள். தாயும் தந்தையும் அதிலேறிப் பிழைப்புக்குப் போகிறார்கள். பிள்ளை அண்டை வீட்டாரின் பொறுப்பிலே விடப்படுகிறது. அந்தப் பிள்ளையை ஒருநாள் மாலை, தெருமுனை மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடலிலே காயம், கண்ணிலே அச்சம். மருத்துவருக்கு ஐயம் பிறக்கிறது. தாயோ கைகூப்புகிறாள்: "வெளியே சொல்லிவிடாதீர்கள் ஐயா, மானம் போய்விடும்!"

"நோயாளியின் இரகசியம் காப்பது என் தொழிலறம்" என்பார் மருத்துவர். அறந்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் ஒன்று கேட்கிறேன்: நோயாளி யார்? அந்தக் குழந்தை! மௌனத்தால் காப்பாற்றப்படுவது யார்? அந்தக் கயவன்! குழந்தைக்குரிய கவசத்தைக் கொடியவனுக்கு அணிவிப்பது எந்த ஊர் அறம்?

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததென அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவரானால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கில்லை. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகத்தில் வெளியிடுவோரையும் தண்டிக்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்; மறைக்க வேண்டிய இடத்தில் மறை! இரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.

உச்சநீதிமன்றமும் 2022-இல் இவ்விரண்டையும் சொன்னது. மகாராட்டிரத்தின் ராஜுராவில், பள்ளி விடுதியில் 17 சிறுமியர் சீரழிக்கப்பட்டதாக எழுந்த வழக்கில், அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. உச்சநீதிமன்றம் நவம்பரில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதற்கு முன்பு செப்டம்பரில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், பெயரைச் சொல்லாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்றது.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சட்டம் காக்கிறது. ஆயினும் குற்றம் புரியும் நோக்கத்தோடு சொன்னதை, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே காக்கவில்லை. 2024-இல் அதனிடத்தில் வந்த சட்டமும் காக்கவில்லை.

நம் நாட்டில் நடப்பதென்ன? எல்லாம் தலைகீழ்! பொள்ளாச்சிக் கொடுமையில் முறையிட்ட பெண்ணின் பெயரை 2019-இல் அரசாணையே அச்சேற்றியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் உலா வந்தது. ஆட்சி மாறியது, அலட்சியம் மாறவில்லை! இருமுறையும் 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர்நீதிமன்றம் குட்டியது. முறையிட்டவள் சந்தியில் நிறுத்தப்பட்டால், அடுத்தவள் எப்படி வாய் திறப்பாள்? தெருமுனை மருத்துவரிடம் அந்தத் தாய் ஏன் கைகூப்பினாள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஊரைச் சொன்னேன், நம்மையும் சொல்லாமல் விடலாமா? ஏழைகள் காவல் நிலையத்துக்கு அஞ்சி முதலில் வருவது நம் கிளை அலுவலகத்துக்கு. அங்கே நாற்காலி போட்டு, இரு தரப்பையும் அமர்த்தி, பணம் பேசி, "விஷயம் வெளியே போகவேண்டாம்" என்று முடித்து அனுப்பும் தோழர் எவரேனும் உண்டா? இருந்தால் அவர் சமாதானம் செய்யவில்லை. குற்றத்துக்குப் பூட்டுப் போடுகிறார். மறுநாளே அதைத் தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்புகிறவர் அதனினும் கொடியவர்.

ஆகவே தோழர்களே, இப்படியொரு செய்தி காதில் விழுந்தால் பஞ்சாயத்து வேண்டாம். 1098-க்கு அழையுங்கள், காவல் நிலையத்துக்குத் தாயோடு துணை செல்லுங்கள், வழக்கு முடியும்வரை உடனிருங்கள். திரும்பி வந்தபின் அந்தக் குழந்தையின் பெயரை உங்கள் வீட்டாரிடமும் உச்சரிக்காதீர்கள்.

இரகசியம் குழந்தையின் சொத்து. அதைக் கயவனுக்குக் கடன் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை!