முதலில் ஜன்னலைத் திறங்க, அப்புறம் பிள்ளையைத் திட்டுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்ப்பவர்களும், என்னைப் போல வாத்தியார் வேலைக்குப் போனவர்களும் முழுதாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி இடம் நம் தருமபுரி மாவட்டத்துக்கு. 68.5 சதவீதம். அந்தப் பெயரைத் துடைக்க எல்லாரும் பாடுபடுகிறோம், நல்லதுதான். ஆனால் எப்படி? காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் தின்றுவிடும். தூசி வருகிறது என்று ஜன்னலைச் சாத்துகிறோம். ஸ்மார்ட் போர்டு தெரியவில்லை என்று அறையையே இருட்டாக்குகிறோம். மங்கலான ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சுக்காரன் போர்டைப் பார்த்துத் தப்பாக எழுதினால் அவன் மக்கு!

கண்ணின் கணக்கைக் கேளுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்கும். சின்னத் துளை வழியே ஒளி போவதால், பார்வையில் சிறு குறை இருந்தாலும் எழுத்து தெளிவாகவே தெரியும். வெளிச்சம் குறைந்தால் பாப்பா விரியும். அதே குறை பெரிதாகி எழுத்து கலங்கும். எந்தத் தூரத்துக்குக் குவிப்பது என்பதும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. இரவில் தன் கிட்டப்பார்வை கூடுவதை இங்கிலாந்து வானியலாளர் நெவில் மாஸ்கலைன் 1789-லேயே எழுதிவைத்தார். பிள்ளை கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் அந்தச் சின்னத் துளையைத் தானே உண்டாக்கிக்கொள்ளத்தான். நாமோ "என்னடா முறைக்கிற?" என்கிறோம்.

"இருட்டில் படித்தால் கண் போயிடுமா சார்?" என்று கேட்பீர்கள். போகாது. கண் வலிக்கும், தலை வலிக்கும், ஓய்வெடுத்தால் சரியாகும். ஆனால் தலைவலியோடு எந்தப் பிள்ளை பாடத்தை முடிக்கும்?

பகல் வெளிச்சமே படாமல் வளர்ப்பது வேறு விஷயம். அதில் கண்ணே மாறுகிறது. வகுப்பறைக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 200 முதல் 500 லக்ஸ். வெளியே புங்கமர நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம்; வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5. இந்த முடிவு 2015-ல் வெளிவந்தது. இனி பி.டி. பீரியடைப் பிடுங்கும் ஆசிரியர், பிள்ளையின் கண்ணிலிருந்து பிடுங்குகிறோம் என்று தெரிந்தே பிடுங்கட்டும்.

பெற்றோரையும் விடமாட்டேன். லைட்டை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் செல்போன். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் கண்ணைக் குத்தும் திரை. கண் கூசாமல் என்ன செய்யும்? அறை விளக்கைப் போட்டுத் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். அரசு கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகத் தரும் கண்ணாடியை, "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

காசு செலவில்லாத வேலைதான் சொல்கிறேன். ஜன்னலைத் திறங்கள். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம் வெளிச்சம் விழட்டும். போர்டு பளபளத்தால் பிள்ளையை இடம் மாற்றி உட்கார வையுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்கும் முன், "எங்கள் பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறான்?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்