அந்தப் பரிசோதனை தீவகத்துக்குப் பொருந்தாது

உண்ணும் கொழுப்பு இரத்தத்துக்குப் போவதில்லை, ஆகவே யாழ்ப்பாணத் தீவகத்துச் சனம் தேங்காயெண்ணெயை அளவு பாராமல் பாவிக்கலாம் என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆதாரமாக, 2014இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் வோலெக் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறார். ஆய்வு உண்மை. அதிலிருந்து அவர் இழுத்த முடிவு பொய். நெடுந்தீவில் நெஞ்சுவலி வந்தவரைப் படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, பிறகு தரைவழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பொய் ஆளைக் கொல்லும்.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் 16 பேர். முதலில் நாளொன்றுக்கு 47 கிராம் மாப்பொருளும் நிறையக் கொழுப்பும் கொடுத்தார்கள். பிறகு கொழுப்பைக் குறைத்து, மாப்பொருளை 346 கிராம் வரை படிப்படியாகக் கூட்டினார்கள். நிறைவுற்ற கொழுப்பை இரட்டிப்புக்கு மேல் உண்ட நாட்களிலும் இரத்தத்தில் அது ஏறவில்லை என்பது மெய்தான். மாப்பொருள் கிடைக்காத உடல் கொழுப்பையே எரித்தது. போதாததற்குச் சாப்பாடும் தேவைக்குக் குறைவாகவே கொடுக்கப்பட்டது. மாப்பொருள் கூடக் கூட, ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுவதைக் காட்டும் பாமிற்றோலெயிக் அமிலம் இரத்தத்தில் ஏறியது. இதைக் கட்டுரையாளர் மறைத்துவிட்டார். 47 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு கோப்பைச் சோறு. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ காலையில் புட்டுச் சாப்பிடுகிறவர் அந்த அளவை அப்போதே தாண்டிவிடுவார். மத்தியானச் சோறும் இரவு இடியப்பமும் இன்னும் இருக்கின்றன. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் முதற்பாற் சொதியும் சேர்ந்தே உள்ளே போகிற உடலுக்கு அந்த ஆய்வு எப்படிச் சாட்சியாகும்?

உண்ட கொழுப்பு இரத்தத்தில் தெரியாது என்பதை மீன்பிடிக்கிற தீவில் வந்து சொல்லக்கூடாது. சூடை மீனை வெட்டிக் கழுவின கை, சவர்க்காரம் போட்ட பிறகும் வழுவழுக்கும். அந்த மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அமிலங்களை உடல் தானாக மிகக் கொஞ்சமே ஆக்கும். அதனால் செங்குருதிக் கலங்களில் அவை எவ்வளவு என்று பார்த்தே, முந்திய சில மாதங்களில் ஒருவர் மீன் உண்டாரா என்று ஆய்வுகூடத்தில் கணிக்கிறார்கள். நல்லெண்ணெயில் நிறைந்துள்ள லினோலெயிக் அமிலத்தை உடலால் ஆக்கவே முடியாது. இரத்தத்தில் இருப்பதெல்லாம் வாய்வழி வந்தது. நிறைவுற்ற கொழுப்பை ஈரலும் ஆக்குவதால் அதில் கணக்குக் குழம்புகிறது. குழப்பம் இருப்பதால் அது குற்றமற்றதாகிவிடாது.

தேங்காயெண்ணெய் நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது அவருடைய அடுத்த கதை. அப்படிப் போவது 8, 10 கரியணுக்கள் கொண்ட சிறிய அமிலங்கள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். 12 கரியணுக்கள் கொண்ட அதன் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகளைப் போல நிணநீர் வழியாகத்தான் இரத்தத்துக்கு வருகிறது.

தேங்காயெண்ணெய் உண்டு நலமாக வாழ்ந்தார்கள் என்று முன்னோரையும் சாட்சிக்கு இழுக்கிறார். ஆனால் நெடுந்தீவு பனைக்குப் பேர்போன மண். ஒடியல் மா, மீன், நண்டு, றால், பயற்றங்காய், பழப்புளி போட்டுக் காய்ச்சும் கூழில் எண்ணெய் ஊற்றுவதில்லை. அந்த முன்னோர் வள்ளம் வலித்தவர்கள், வெயிலில் தோட்டம் செய்தவர்கள்.

இலங்கையிலேயே செய்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. ஷாந்தி மென்டிஸ் குழுவினர், உணவின் மொத்தச் சக்தியில் தேங்காய்க் கொழுப்பின் பங்கை 17.8 வீதத்திலிருந்து 9.3 வீதமாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 10.8 வீதம் இறங்கியது. சோறும் தேங்காய்ப்பாலும் உண்கிற நம் நாட்டிலேயே கிடைத்த இந்த முடிவைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

அவர் கட்டுரையை நம்பிக் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தியவர்கள் இருந்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் போய் அதைச் சொல்லுங்கள்.