கைக்குழந்தைக்கும் ஒரு பாஸ்போர்ட்

வீட்டில் குழந்தை பிறந்தால் அடுத்தடுத்து என்னென்ன நடக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. பெயர் சூட்டுவார்கள்; குலதெய்வத்தின் சந்நிதியில் முடி இறக்குவார்கள்; தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். குழந்தையின் முதல் வெளியூர்ப் பிரயாணம் அநேகமாக அந்தக் குலதெய்வத்தின் ஊருக்காகத்தான் இருக்கும். இந்த வரிசையில் இப்பொழுது ஒரு புதுச் சடங்கும் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதுதான் அது. பல் முளைக்காத சிசுவை வெள்ளைத் துணியின்மேல் படுக்கவைத்து, அது கண்ணை நன்றாகத் திறக்கும் நொடிக்காகத் தகப்பனார் காமிராவும் கையுமாகக் காத்திருக்கிறார். அந்தப் படம் ஐந்து வருஷத்திற்குச் செல்லும். மூன்றாம் வயதில் அதைப் பார்க்கிற குடியேற்ற அதிகாரி, எதிரே நிற்கும் பிள்ளைக்கும் படத்திலுள்ள பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க வேண்டியதுதான்!

இது பணம் படைத்தவர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2019 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்ற பிரயாணங்கள் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம். கொரோனா நோய் அதை அடியோடு முடக்கிப்போட்டது. 2024 இல் அந்த எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் வளைகுடாவுக்கு வேலை தேடிப் போகிறவர்களும் உண்டு, படிக்கப் போகிற மாணவர்களும் உண்டு. ஒருவரே மூன்று முறை போனால் மூன்றாகத்தான் கணக்கு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், மாதச் சம்பளக்காரக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு நாலு நாள் வெளிநாடு போய் வருவது இன்று தெருவுக்கு ஒரு வீட்டில் நடக்கிற காரியமாகிவிட்டது.

முன்பு இப்படி இல்லை. அக்கரைச் சீமைக்குப் போவதென்றால் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ரஜூலா கப்பல் ஏறுவது என்று அர்த்தம். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை அந்தக் கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஜனங்களைச் சுமந்தது. அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் பிள்ளைகளை உறங்கவைத்த தாய்மார்கள் ஏராளம். ஆனால் அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அல்லர், பிழைக்கப் போனவர்கள். வேடிக்கை பார்க்க வெளிநாடு போவதற்குச் சர்க்காரின் தயவு வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரிகளின் இஷ்டம். வெளிநாடு செல்வது பிரஜையின் சொந்தச் சுதந்திரத்தில் அடங்கியது என்று 1967 இல் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகளில் மூவர் அபிப்பிராயத்தால் தீர்ப்பளித்த பிறகே, அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கையில் அந்நியச் செலாவணி இல்லை. எட்டு டாலரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய கதையை இன்றைய தாத்தாக்கள் சொல்லக் கேட்கலாம். 2004 இல்தான் ரிசர்வ் வங்கி, அனுமதி கேட்டு அலையாமல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று கதவைத் திறந்தது. 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர். குழந்தையின் பேரிலும் இந்த வரம்பு உண்டு என்பது ஒரு வேடிக்கையான உண்மை.

கதவை இந்தப் பக்கம் திறந்தால் போதுமா? அந்தப் பக்கமும் திறக்க வேண்டுமே. 2023 இன் கடைசியில் அதுவும் நடந்தது. நவம்பரில் தாய்லாந்து, இந்தியர்களுக்கு முப்பது நாளைக்கு விசா வேண்டாம் என்றது. 2024 ஜூலையில் அதை அறுபது நாளாக்கியது. டிசம்பர் 1 முதல் மலேசியாவும் முப்பது நாள் விசா இல்லாமல் வரலாம் என்று அறிவித்தது. இலங்கை சில மாதங்களுக்குக் கட்டணமில்லாத விசா கொடுத்துப் பார்த்தது. இந்த நாடுகளுக்கெல்லாம் திடீரென்று நம்மீது பாசம் பொங்கிவிடவில்லை. சீனத்து உல்லாசப் பிரயாணிகளை நம்பிக் கட்டப்பட்ட ஹோட்டல்கள் நோய்க் காலத்திற்குப் பிறகும் பழையபடி நிரம்பவில்லை. நிரப்ப ஆள் வேண்டும். பக்கத்தில் இருக்கிற பெரிய நாடு இந்தியா. 2024 இல் தாய்லாந்துக்கு மட்டும் 21 லட்சம் இந்தியர்கள் போய் வந்தார்கள்.

அதிலும் குடும்பம் வருவது அவர்களுக்கு நல்ல வியாபாரம். தனியாள் வந்தால் ஒரு தலை. குடும்பம் வந்தால் மூன்று, நான்கு தலைகள், சில சமயம் பாட்டியும் சேர்த்து ஐந்து. பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை வைத்திருப்பவர்கள் மே மாத விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விலை மலிவாக உள்ள மாதத்தில் கிளம்பிவிடலாம். ஹோட்டல்காரர்களுக்கு அறைகள் காலியாகக் கிடக்கிற மாதமும் அதுவே.

விமானக் கம்பெனிகளும் இதற்கு ஒரு வகையில் உதவுகின்றன. இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து வரலாம். அதற்கு முழுக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான். இரண்டு வயது நிறைந்த மறுநாளே தனி ஆசனம், தனி டிக்கட். ஆகவே இளந்தம்பதிகளின் பேச்சில் இரண்டாவது பிறந்த நாள் ஒரு கெடு நாளைப்போல அடிபடுகிறது. 'அதற்குள் ஒரு தடவை போய் வந்துவிட வேண்டும்!' போகிற தேதியில் இரண்டு நிறையாமல், திரும்புகிற தேதியில் நிறைந்துவிட்டால் திரும்பும்போது டிக்கட் வாங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. விமானம் இறங்குகையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் காது வலி குறையும். விழுங்கும்போது செவிக்குள் அழுத்தம் சரியாகிவிடுகிறது.

முன்னாளில் குழந்தையின் பெயரைத் தாய் தகப்பன் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவது உண்டு. இப்போது பிறந்த குழந்தைக்கும் தனிப் புத்தகம். 2023 அக்டோபர் 1 ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு அத்தாட்சி என்று 2025 இல் விதி வந்துவிட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் அதில் பெயரும் எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்களே புத்திசாலிகள். செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பொட்டலமாக விற்கிறவர்கள் 2020 அக்டோபர் முதல் அத்துடன் ஒரு வரியையும் பிடித்துக்கொள்கிறார்கள். அதன் விகிதம் பல தடவை மாறிவிட்டது. அது கூடுதல் வரியல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளத் தக்கது என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி விஷயத்திற்கு வருவோம். இப்படிக் காசு செலவழித்துப் போகிற இளங்குடும்பங்கள் அங்கே எதை அனுபவித்துவிட்டு வருகின்றன? சிங்கப்பூர் போய் வந்தவர்களைச் சற்று உட்காரவைத்துக் கேட்டால் தெரியும். உயரமான ஹோட்டலைப் பற்றியும், விமான நிலையத்திற்குள் கொட்டுகிற அருவியைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்வார்கள். அதன் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். 'ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டே போனோம், ஓர் இடத்திலும் தூக்கவில்லை' என்பார் தகப்பனார். 'எங்கே பார்த்தாலும் குழந்தைக்குத் துணி மாற்ற இடம் இருக்கிறது' என்பார் தாயார். ஸ்ட்ரோலர் என்பது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் சிறு வண்டி. நம் ஊரில் அதைப் பரிசாக வாங்கியவர்கள் பெரும்பாலும் பரண்மேல்தான் வைத்திருக்கிறார்கள்.

அங்கே 1859 இல் ஏற்படுத்திய தாவரவியல் தோட்டம் ஒன்று இருக்கிறது. 2015 இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. ஆர்க்கிட் மலர்ப் பகுதி நீங்கலாக உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அதற்குள் 2007 முதல் குழந்தைகளுக்கென்றே ஒரு தனித் தோட்டம் நடக்கிறது, அதற்கும் கட்டணமில்லை. பெரியவர்கள் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். குழந்தை பெரியவருக்குச் சிபாரிசு செய்கிற இடம் உலகத்தில் வேறு எத்தனை இருக்குமோ! பஸ்ஸிலும் ரயிலிலும், டிக்கட் வாங்கிய பெரியவருடன் வருகிற 90 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. விமானக்காரர் வயதைப் பார்க்கிறார், இவர்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் சிங்கப்பூர் நமக்கு விசா கேட்கிற நாடு; குழந்தைக்கும் தனி விசா வேண்டும். அறை வாடகையும் தாய்லாந்தைவிட அதிகம். அப்படியிருந்தும் போகிறார்கள்.

அதாவது, நாலு மணி நேரம் பறந்து போய் இந்தக் குடும்பங்கள் விலைக்கு வாங்கிக்கொண்டு வருவது ஒரு சாதாரண மாலைப்பொழுது. பிள்ளையை வண்டியில் வைத்துத் தெருவோரமாகத் தள்ளிக்கொண்டு போய், புல்தரையில் விட்டு, இருட்டியதும் பஸ் ஏறித் திரும்புவது. சொந்த ஊரில் சாயங்காலம் அரை மணி நேரத்தில் கிடைக்க வேண்டிய பொருளுக்கு லட்ச ரூபாய் விலை என்றால், அதை ஆடம்பரம் என்று சொல்வதா, தட்டுப்பாடு என்று சொல்வதா?

சிங்கப்பூரை நாம் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். 1987 இல் அங்கே ரயில் ஓடத் தொடங்கியபோது அந்த நிலையங்களில் பொதுஜனங்களுக்கு லிப்ட் இல்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக உடைத்து வைத்தார்கள். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்றலாம் என்ற அனுமதியே 2017 இல்தான் வந்தது. இவ்வளவு வசதி செய்தும் அங்கே பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒரு பெண்ணுக்கு இத்தனை குழந்தை என்று கணக்கிடும் விகிதம் 2023 இல் 0.97 ஆக இறங்கியது. ஆகவே பூங்கா கட்டினால் தொட்டில் ஆடும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் 2020 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி அந்த விகிதம் 1.4 தான். குழந்தைகள் குறைகிற நாட்டில், இருக்கிற குழந்தைகளாவது தெருவில் நடக்க முடிகிறதா என்பதே கேள்வி.

சென்னையில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையை 2014 லேயே சென்னை மாநகராட்சி ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். எழுத்தில் இந்த நகரம் மற்ற நகரங்களுக்கு முன்னோடி. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். மாலையில் அங்கே பிள்ளைகள் ஓடியாடுவதைக் காணலாம். ஆனால் அந்த நடைபாதை முடிகிற இடத்திலிருந்து பக்கத்துத் தெருவில் திரும்பினால், மின்சாரப் பெட்டியும், நிறுத்திய மோட்டார் சைக்கிளும், பெயர்ந்த கல்லும் குழந்தையின் வண்டியை வரவேற்கும். மெட்ரோ நிலையங்களிலும் லிப்ட் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வந்த பின் வீடு வரை போவதுதான் பாடு.

மெரினா கடற்கரையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அலையருகே போகட்டும் என்று 263 மீட்டர் நீளத்தில் ஒரு மரப்பாதை போட்டு 2022 நவம்பர் 27 இல் திறந்தார்கள். பிறந்தது முதல் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அன்று அலையில் கால் நனைத்தார்கள். இரண்டு வாரம் முடியவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் வந்து கடலோரப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. அதிலிருந்து சிலர் எடுத்துக்கொண்ட பாடம், 'இதெல்லாம் நம் ஊருக்குச் சரிப்படாது' என்பது. அந்தப் பாதையைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும். நாற்காலி போகிற பாதையில் குழந்தையின் வண்டியும் போகும், முழங்கால் வலியுள்ள பாட்டியும் போவாள். சிங்கப்பூரிலும் முதலில் ஊனமுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் என்று கேட்டுச் செய்த வசதிகளைத்தான் குழந்தைகளும் பங்கிட்டுக்கொண்டன.

'அது சின்ன ஊர், பணக்கார ஊர். இங்கே ஜனத்தொகை என்ன, வண்டிகள் என்ன' என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஜனத்தொகை அதிகமென்றால் நடப்பவர்களும் அதிகம். நடைபாதை அகலமாக இருக்க அதுவே காரணமாகுமேயன்றி, இல்லாமலிருக்கக் காரணமாகாது. பணமும் முழுக் காரணமல்ல. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறந்தது பெரிய செலவில்லாமல்தான். அவற்றில் இன்று எத்தனை பூட்டாமல், மூட்டை முடிச்சு அடுக்காமல் இருக்கின்றன என்று அந்தந்த ஊர் வாசகர்கள் போய்ப் பார்க்கலாம். அரசு பஸ்களில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு டிக்கட் வேண்டாம் என்று 2022 இல் அறிவித்தார்கள். ஆனால் டிக்கட் இல்லாத அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் அந்த உயரமான படியில் ஏற வேண்டியிருக்கிறதே!

அந்தப் படி இப்போது சில தடங்களில் இறங்கி வருகிறது. 2024 ஆகஸ்டிலும் 2025 ஜூன் இறுதியிலும் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓட்டத்திற்கு வந்தன. பின்னவை மின்சாரத்தில் ஓடுபவை. அவற்றில் சாய்பலகை உண்டு. அதை இறக்கினால் குழந்தையின் வண்டியை அப்படியே ஏற்றிவிடலாம். ஆனால் டிரைவர் பஸ்ஸை நடைபாதையை ஒட்டி நிறுத்த வேண்டும். ஒட்டி நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நிற்கக்கூடாது. சாலைப் போலீஸும் மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் ஒரே நிறுத்தத்திற்கு ஒரு நாள் மாலை சேர்ந்து வந்து பார்த்தால் தீருகிற சங்கதி இது. ஆறு மணிக்கு வரலாம். அலுவலகம் விட்டு வருகிற தாய்மார்கள், காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நேரத்தில்தான் அங்கே நிற்கிறார்கள்.