பூட்டு யாருக்கு?

தோழனே!

சிங்கப்பூரிலே கட்டட வேலை செய்து களைத்து, கைப்பொருள் சேர்த்துக்கொண்டு, நம்மூர்ப் பிள்ளை ஒருவன் திருச்சி விமான நிலையத்திலே வந்திறங்குகிறான் என்று வைத்துக்கொள். பெட்டியிலே தாய்க்குப் புடவை. தந்தைக்குக் கோடாலித் தைலம். தம்பி ஆசையோடு கேட்ட ஆங்கிலப் படத்தின் ப்ளூ-ரே தகடு ஒன்று. களவாடியதன்று, கடையிலே விலை கொடுத்து, இரசீது பெற்று, உறை பிரிக்காமல் கொண்டுவந்தது. திருவரங்கத்து வீட்டிலே சுற்றமெல்லாம் சூழ்ந்திருக்க, தகட்டைக் கருவியிலே செருகுகிறான். படம் வரவில்லை. 'இத்தகடு இவ்வட்டாரத்துக்கு உரியதன்று' என்ற அறிவிப்புத்தான் வருகிறது!

அண்டை வீட்டுக்காரர் கேட்கிறார்: "எவ்வளவு கொடுத்தாய் தம்பி, இதற்கு?"

"இரண்டு நாள் கூலி, அண்ணே!"

"முப்பது ரூபாய்தான் கொடுத்தேன் நான். அதே படம். அழகாக ஓடுகிறதே!"

அவர் வாங்கியது கள்ளத் தகடு. அதிலே பூட்டும் இல்லை, வட்டாரமும் இல்லை. காசு கொடுத்தவனுக்குக் கதவடைப்பு. களவுப் பொருள் வாங்கியவருக்குக் கலைவிருந்து!

உரையாடல் என் கற்பனை, தோழனே, பூட்டு கற்பனையன்று. படக் கம்பெனிகள் உலகத்தையே கூறுபோட்டு எண்ணிட்டு வைத்தன. டி.வி.டி. தகட்டில் இந்தியாவுக்கு எண் 5. சிங்கப்பூருக்கு எண் 3. ப்ளூ-ரேயில் சிங்கப்பூருக்கு 'ஏ', இந்தியாவுக்கு 'சி'. அவ்வாறு எண்ணிட்டுப் பூட்டிய தகடு கடல் கடந்தால் ஊமையாகிவிடும். கப்பலேறிப் பிழைக்கப் போனவன் வீடு திரும்பலாம். அவன் வாங்கிய படம் வீடு திரும்பலாகாது!

இன்று தகட்டுக் கடைகள் அருகிவிட்டன. படம் இணையத்தின் வழியே வீட்டுக்குள் வருகிறது. பூட்டு மட்டும் ஒழியவில்லை. தகட்டிலிருந்து இணையத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஆகவே தகட்டின் கதை முடிந்துபோன கதையன்று. நாளைக்கும் பாடம் சொல்லும் கதை.

டி.வி.டி.க்கு முதலில் ஒரு பூட்டுப் போட்டார்கள். 1999-இல் நார்வே நாட்டிலே, யோன் லெக் யோகான்சன் என்னும் பதினைந்து வயதுப் பையனும் வேறு சிலரும் சேர்ந்து அதைத் திறக்கும் நிரலை வெளியிட்டனர். பையன் மீது வழக்கு! பணம் கொடுத்து வாங்கிய தகட்டைத் தன் கணினியிலே பார்ப்பது குற்றமன்று என்று கூறி, 2003-இல் நீதிமன்றம் அவனை விடுவித்தது. அதே ஆண்டில் மேல்முறையீட்டிலும் அவனே வென்றான்.

பாடம் கற்றார்களா கம்பெனிக்காரர்கள்? கற்றார்கள், முன்னிலும் பெரிய பூட்டுச் செய்ய! உயர்தெளிவுத் தகடுகள் 2006-இல் கடைக்கு வந்தபோது, ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், சோனி, தோஷிபா, டிஸ்னி, வார்னர் முதலிய பெருங்குழுமங்கள் கூடிச் சமைத்த 'ஏ.ஏ.சி.எஸ்.' என்னும் பூட்டு அவற்றிலே தொங்கிற்று. ஆண்டு முடியுமுன்பே அதிலே விரிசல். 2007-இல் அதன் திறவுகோல் ஒன்று, எண்ணும் எழுத்துமாக முப்பத்திரண்டு குறிகள், உலகுக்குத் தெரிந்துவிட்டது. வெளியிட்டோர்க்கெல்லாம் வழக்கறிஞர் அறிவிக்கை பறந்தது. 'டிக்' என்ற இணையதளம் அஞ்சி அதனை அழித்தது. மே முதல் நாளன்று பயனர்கள் வெகுண்டெழுந்து, அழிக்க அழிக்க எழுதினர், சட்டையிலே அச்சிட்டனர், பாட்டாகக் கட்டிப் பாடினர். அன்றிரவே தளம் பணிந்தது. அடக்க நினைத்த குறி அகிலமெங்கும் பரவிற்று!

ஏன் உடைகிறது இந்தப் பூட்டு? காரணம் எளிது. படத்தைப் பார்க்க வேண்டுமானால் கருவி பூட்டைத் திறந்தாக வேண்டும். திறக்கச் சாவி வேண்டும். ஆகவே பூட்டை விற்பவன், சாவியையும் அதே வீட்டுக் கருவிக்குள் ஒளித்துவைத்தே விற்கிறான். மலைக்கோட்டை அளவுக்குப் பூட்டு. சாவியோ வாசல் மிதியடியின் கீழே! ஆயிரம் பேர் தேடினால் ஒருவன் கண்டெடுப்பான். அவன் ஒருமுறை திறந்தால் போதும். பூட்டில்லாப் படிகள் கோடி பிறக்கும். அதன் பிறகு பூட்டு யாருக்கு? கடைக்குப் போய்க் காசு கொடுத்தவனுக்கு மட்டுமே!

திருவரங்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் இராமானுசர். எவருக்கும் உரைக்கலாகாது என்ற ஆணையோடு மறைபொருளைப் பெற்றார். பெற்றதும் கோபுரத்தின் மீதேறிக் கூடியிருந்தோர்க்கெல்லாம் கூவி உரைத்தார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நம்புவோர் நம்பட்டும், நாம் அதிலுள்ள நீதியைக் காண்போம். "நானும் கோபுரம் ஏறியவன்தானே?" என்று கள்ளத் தகடு விற்பவன் மார் தட்டக்கூடும். இல்லை, தோழனே! 'நரகம் எனக்கு வரட்டும். நலம் பிறர்க்கு ஆகட்டும்' என்றார் கோபுரம் ஏறியவர். 'இலாபம் எனக்கு, நட்டம் பிறர்க்கு' என்கிறான் இவன். இரண்டும் ஒன்றாகுமா?

ஒரு படத்தின் பின்னே நாயகனும் நாயகியும் மட்டுமா நிற்கிறார்கள்? விளக்குத் தூக்குவோர், ஒப்பனையாளர், தையற்காரர், சண்டைக் காட்சியிலே விழுந்து எழுவோர், கூட்டத்தில் ஆடும் பெண்கள் என்று, சுவரொட்டியிலே பெயர் வராத நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். முதல் போட்டவர் மூழ்கினால் அடுத்த படம் இல்லை. படம் இல்லையேல் நடிகர் பங்களா இடிந்துவிடாது. விளக்குத் தூக்குபவரின் அடுப்புத்தான் அணையும். நாடக மேடையிலே வளர்ந்தவன் நான். சீட்டு விற்காத இரவுக்கு மறுநாட் காலை, படுதா இழுப்பவர் வீட்டிலே உலை எப்படி இருக்கும் என்பதை அறிவேன். களவை நியாயப்படுத்த இந்தப் பேனா உதவாது.

ஆனால் களவை ஒழிக்கும் வழி எது? சட்டத்தைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையைத் தெரிந்தே மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. 2012-இல் வந்த திருத்தம், உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனுக்கு ஈராண்டு வரை சிறை என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற அந்தச் சொல்லைக் கவனி! அமெரிக்கர் 1998-இல் இயற்றிய சட்டம், சில விலக்குகள் தவிர, பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிற்று. நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை, அது நன்று. திரையரங்கிலே களவாகப் படம் பிடிப்போர்க்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று இலட்ச ரூபாயிலிருந்து தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதமும் விதிக்க 2023-இல் வகை செய்யப்பட்டது. குற்றம் செய்தவனை நீதிமன்றத்திலே நிறுத்தி, மெய்ப்பித்துத் தண்டிப்பது முறை, அதனை மறுப்பாரில்லை.

ஆனால் தமிழகத்திலே இன்னொன்றும் உண்டு. கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் ஆகியோரை அடக்க 1982-இல் எழுந்த சட்டத்திலே, 2004-இல் கள்ள வீடியோக்காரரையும் சேர்த்தனர். அதன்படி வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவனை அடைத்து வைக்கலாம். அறிவுரைக் குழு பார்க்கும் என்பார்கள். ஆனால் அது குற்றம் விசாரிக்கும் நீதிமன்றம் ஆகுமா? பேருந்து நிலையத்து ஓரத்திலே தகடு பரப்பி விற்றவனையும் கத்தி தூக்கியவனையும் ஒரே தராசிலே நிறுத்துவதா? படச்சுருளின் அருகே இருந்தபடியே முதற்படியைக் கடத்திய கை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெருவிலே கூவுகின்ற வாய்தான் முதலில் அகப்படுகிறது. ஏழைக்குக் குண்டர் சட்டம். பணம் கொடுத்து வாங்கியவனுக்கு எண் பூட்டு. பெரிய கள்வனுக்கோ இரண்டும் இல்லை!

வேறு வழி உண்டா? உண்டு, கண்டும் இருக்கிறோம். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிற்று. ஏறக்குறையக் கள்ளத் தகட்டின் விலைக்கே நல்ல தகடு! நடுத்தெருவில் நின்று வாங்கிய மக்கள் தலை நிமிர்ந்து கடைக்குள் நுழைந்தனர். 2015-இல் இயக்குநர் சேரன் தம் படத்தைத் தகடாக்கி நேரே வீடுகளுக்கு அனுப்ப முனைந்தார். "மோசர் பேர் என்ன ஆயிற்று? 2018-இல் அதனைக் கலைக்க ஆணை பிறந்ததே!" என்று கேட்பாய். கடன் சுமை அதனை அழுத்திற்று. தகடு என்னும் பொருளே வீடுகளைவிட்டு விடைபெற்றது. கம்பெனி வீழ்ந்தது, அது காட்டிய உண்மை வீழவில்லை. இன்னொரு சான்று கேள். 1964-இல் வந்த 'கர்ணன்' படம் தொலைக்காட்சியிலே பலமுறை இலவசமாக வந்தது. ஆயினும் 2012-இல் ஒளியும் ஒலியும் புதுக்கித் திரையிட்டபோது, சீட்டு வாங்கிக் குவிந்தனர் மக்கள். சென்னையிலே நூறு நாளைக் கடந்து ஓடிற்று. எட்டும் விலையும் ஏற்ற தரமும் இருந்தால் மக்கள் களவை நாடுவதில்லை.

பூட்டினால் வரும் கேடு இன்னும் ஒன்று உண்டு, அதுதான் பெருங்கேடு. இதே திருச்சியிலே இரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். அவ்வாறு வேர்விட்ட திரைக்கலை 1931-இல் தமிழ் பேசியது. 'காளிதாஸ்' என்ற அந்த முதல் பேசும் படத்தின் ஒரு படி கூட இன்று நம்மிடம் இல்லை! படி பெருகாத கலை பட்டுப்போகும். ஓலைச்சுவடி செல்லரித்தும் தமிழ் அழியாதது எதனாலே? யார் யாரோ ஊர்தோறும் படியெடுத்து வைத்தார்கள். அவற்றைத் தேடி ஒப்பிட்டுத்தானே, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார்? ஏட்டுக்குப் பூட்டிருந்தால் அச்சுக்குச் சிந்தாமணி கிடைத்திருக்குமா?

திரைப்படத்தின் உரிமைக் காலம் நம் நாட்டிலே அறுபது ஆண்டு. 1964 வரை வெளிவந்த படங்களுக்கு, படம் என்ற அளவிலே, 2024 முடிவோடு அக்காலம் தீர்ந்தது. சட்டம் கதவைத் திறந்துவிடும். தகட்டிலே மாட்டிய பூட்டு நாட்காட்டி பார்க்குமா? ஒருநாளும் பார்க்காது!

ஆகவே, தோழனே, படிப்பகத்திலே பேசு. தேநீர்க் கடையிலே பேசு. கள்ளப் படியை வாங்காதே. வாங்குவோர்க்கு விளக்குத் தூக்குபவரின் அடுப்பை நினைவூட்டு. அதே குரலிலே இவற்றையும் கேள்: விசாரணையற்ற சிறையிலிருந்து தகட்டு வணிகரை விடுவித்து, வழக்கு மன்றத்துக்கு அனுப்புக! எளியவர்க்கு எட்டும் விலையிலே படங்களைத் தருக! வாங்கிய படத்தை வாங்கியவன் எந்த ஊரிலும் பார்க்க விடுக! தமிழ்ப் படம் ஒவ்வொன்றின் பூட்டில்லாப் படியை நாட்டின் காப்பகத்திலே வைத்துக் காக்க!

கலையைக் காத்தவை என்றும் மக்களின் கைகளே. அந்தக் கைகளுக்கு விலங்கு மாட்டிவிட்டுக் காவல் கேட்பது பேதைமை!