விண்கப்பலும் ஜூஜூவாடி எல்லையும்

தொலைக்காட்சி மாணவர்களைக் கெடுக்கிறது என்பது மேடைதோறும் கேட்கும் பேச்சு. கல்லூரி மலர்களிலும் இதைப் பற்றி எழுதாதார் இல்லை. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அறிவியல் கற்பனைத் தொடர், இந்த எல்லைப்புறத்தில் வாழும் நமக்குத் தேவையான பாடம் ஒன்றை ஓசையின்றி நடத்திவிட்டுப் போயிற்று என்பது என் துணிபு. ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அத்தொடரை இன்றைய மாணவர் பலர் பெயரளவிலேயே அறிவர்.

1966 செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது தொடங்கிற்று. படைத்தவர் ஜீன் ராடன்பரி. மூன்றே பருவங்கள், 79 கதைகள். பார்ப்போர் குறைவென்று 1969-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது! மறு ஒளிபரப்புகளில் ரசிகர் கூட்டம் பெருகி, 1979-இல் திரைப்படமாகி, 1987-இல் புதிய தலைமுறைத் தொடராகி, இந்த நூற்றாண்டிலும் கிளைவிட்டுக்கொண்டே இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு வேறு பெயர் வைக்க இருந்தார்கள். ரசிகர்கள் கடிதங்களைக் குவித்துத் தொடரில் வரும் கப்பலின் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ என்பதையே வைக்கச் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சோதனைக்காகச் செய்யப்பட்ட அந்த ஓடம் விண்வெளிக்குப் போகவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் இதை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பியது. ஓசூரில் எங்கள் தெருவில் அப்போது இரண்டே பெட்டிகள். சென்னை அலை எட்டாது. 1981-இல் தொடங்கிய பெங்களூர் நிலையத்தை நோக்கித்தான் ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருப்பார்கள். நாங்கள் கூடியது கன்னடம் பேசும் ஒரு வீட்டில். அவ்வீட்டு அம்மா எங்களிடம் பேசியது பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. படத்தில் பேசியதோ ஆங்கிலம். அது எங்களில் எவருக்கும் விளங்காது. ஆகவே கப்பலில் என்ன நடக்கிறதென்பதை ஆளுக்கொரு மொழியில் ஊகித்துச் சொல்லுவோம். ஸ்பாக்கின் கூரிய காதுக்கும் தூக்கிய புருவத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

என் தந்தையார் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். இரவு ஷிப்ட் முடிந்து வந்த தூக்கக் கண்களோடு வாசற்படியில் நின்று பார்ப்பார். கேப்டன் கிர்க்கை அவர் பொருட்படுத்தியதே இல்லை. இயந்திர அறையில் வியர்த்து நிற்கும் ஸ்காட்டிதான் அவருடைய கதாநாயகன். “மேலே உட்கார்ந்து ஆர்டர் போடுறது சுலபம்டா. மிஷினை ஓட்டுறவன் இவன்தான்” என்பார். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்து, டைட்டனும் வரவிருந்த ஊரில் அந்தப் பேச்சுக்குத் தனிப் பொருளுண்டு. நம் தமிழ்ப் படங்களில் பொறியியல் படித்த நாயகன் வருவான். இயந்திரத்தைத் தொட்டுப் பழுது பார்ப்பவனைக் காண்பதரிது. அந்தக் குறையை எங்கோ கலிபோர்னியாவில் எடுத்த படம் தீர்த்து வைத்தது.

அந்தக் கப்பலின் மேல்தளத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செய்தித் தொடர்பைக் கவனிப்பவள் உஹூரா என்ற ஆப்பிரிக்கப் பெண். விடுதலையைக் குறிக்கும் சுவாகிலிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கப்பலைச் செலுத்துபவர் சுலு. அவ்வேடமிட்ட ஜார்ஜ் டகேய் ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது சிறுவயதில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த 1967-லேயே செகாவ் என்ற ரஷ்ய இளைஞனைச் சேர்த்தார்கள். உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் தொடரை விட்டு விலக நினைத்தபோது, மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். ஒரு பொழுதுபோக்குத் தொடர் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

1969 சனவரியில் வந்த கதை ஒன்றைப் பின்னாளில் குறுந்தகட்டில்தான் பார்த்தேன். இருவர் வருகிறார்கள். இருவர் முகமும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவனுக்கு வலப்புறம் கறுப்பு, மற்றவனுக்கு இடப்புறம். இந்த ஒன்றுக்காகவே ஒருவனை ஒருவன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் துரத்துகிறார்கள். இறுதியில் தம் கோளுக்குத் திரும்பினால் அங்கே உயிரோடு எவருமில்லை. அப்போதும் அவர்கள் துரத்தலை விடவில்லை.

உவமை சற்று முரட்டுத்தனமானதென்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் கலவரம் மூண்டபோது ஓசூரில் இருந்தவர்களுக்கு அது முரடாகத் தோன்றாது. அத்திப்பள்ளியைத் தாண்டி, கையில் கிடைத்த துணி மூட்டையோடு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோதும் ஜூஜூவாடியில் வண்டிகள் நின்றன. மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். இருபுறத்தாரும் வீட்டில் தின்பது அதே ராகிக் களிதான். அங்கே முத்தே என்பார்கள், அவ்வளவே.

இத்தொடரில் குறையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. எல்லா இனத்தாரும் பணிபுரியும் கப்பலுக்குத் தலைவன் மட்டும் அமெரிக்க வெள்ளையன். முக்கியப் பணியாளர்களில் இந்தியர் ஒருவரும் இல்லை. 1967-இல் கான் நூனியன் சிங் என்று ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவன் உலகை ஆள நினைத்த கொடியவன், நடித்தவரோ மெக்சிகோ நாட்டவர்! 1979 திரைப்படத்தில் பம்பாயில் பிறந்த பெர்சிஸ் கம்பாட்டா மொட்டைத் தலையோடு நடித்தார். அவருக்கும் வேற்றுக் கோளின் பெண் வேடந்தான். எதிர்காலத்தைப் பிறர் எழுதினால் அதில் நமக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவே.

நாமே எழுதவில்லையா? எழுதினார் ஒருவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். அது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அதன் பின்னும் அந்த வழி நெடுஞ்சாலை ஆகவில்லை. ஆயிரம் நாள் ஓடும் மாமியார் மருமகள் சண்டைக்குப் பணம் போடுவோர், விண்கப்பல் என்றால் செலவு அதிகமென்கிறார்கள். 1966-இல் அட்டையும் பலகையும் வண்ண விளக்கும் கொண்டுதான் அவர்கள் கப்பல் கட்டினார்கள் என்பதை யாராவது இவர்களுக்குச் சொன்னால் நல்லது.

இன்று ஓசூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் கைப்பேசிப் பாகங்களைப் பொருத்தும் பெண்கள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கிறார்கள். உள்ளங்கையில் விரித்துப் பேசும் அந்தக் கப்பலின் கருவியை நினைவூட்டும் பொருளைத்தான் அவர்கள் செய்கிறார்கள். பேருந்தில் அவர்கள் பேசும் இந்தியைக் கேலி செய்யும் நம் மாணவர் சிலரையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரே அறையில் நான்கு மொழி பேசும் நான்கு பெண்கள், ஷிப்ட் முடிந்த இரவில் கூரைக்கு மேலே பார்க்கிறார்கள் என்று தொடங்கும் ஒரு விண்வெளிக் கதையை நம் கல்லூரியில் யாரேனும் எழுத வேண்டும். காதல் தோல்விக் கதைகள் இம்மலரில் போதுமான அளவு வந்துவிட்டன. அடுத்த ஆண்டு மலருக்கு அதைக் கொடுத்தால், அச்சுக்குப் போகும் முன் படிக்கும் முதல் ஆள் நானாக இருக்க விரும்புகிறேன்.