பாயில் முடிவாக வேண்டியது

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான இந்திய மல்யுத்த அணியில் பஜ்ரங் புனியாவும் வினேஷ் போகத்தும் தகுதிச் சுற்று இல்லாமலேயே சேர்க்கப்பட்டனர். இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்ற இளம் வீராங்கனை அந்திம் பங்காலின் மனு தள்ளுபடியானது. வினேஷின் 53 கிலோ பிரிவுத் தகுதிச் சுற்றில் வென்றும் அவருக்குக் கிடைத்தது மாற்று வீராங்கனை இடம்தான். வினேஷ் முழங்கால் காயத்தால் விலகியதால் அந்திம் ஹாங்சோ போனார், வெண்கலத்தோடு திரும்பினார். பஜ்ரங்கின் 65 கிலோ பிரிவுத் தகுதிச் சுற்றில் வென்ற விஷால் காளிராமனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பஜ்ரங் பதக்கமின்றித் திரும்பினார்.

மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீதான பாலியல் புகாருக்கு நீதி கேட்டுத் தெருவில் அமர்ந்தவர்கள் இவ்விருவரும். அந்தப் போராட்டம் நியாயமானது. அணியில் இடம் தருவதற்கு அது அளவுகோல் ஆகாது. சலுகை தந்ததோ, தேர்தல் நடக்காத கூட்டமைப்பைக் கவனித்த தற்காலிகக் குழு!

2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளுக்கு அங்கீகாரம் தரும் வாரியத்துக்கும் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் வழிசெய்கிறது. வழக்கு வந்தபின் விசாரிப்பது இரண்டாவது வேலை. நேரடி நுழைவு யாருக்கு, எதன் அடிப்படையில் என்பதை ஒவ்வொரு கூட்டமைப்பும் முன்கூட்டியே எழுத்தில் வெளியிட வேண்டும். அங்கீகாரத்துக்கு வாரியம் இதை நிபந்தனையாக்கட்டும்.